வளைவில் ஜீரோவை வெல்லவே முடியாத ஹெல்கேட் சண்டையில் எப்படி ஜெயித்தது?

கருங்கல்_பைலட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நானும் என் மச்சானும் கம்ப்யூட்டரில் இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டை விளையாடுவோம். அவன் ஜப்பானின் ஜீரோவைத் தவிர வேறு எதையும் தொட மாட்டான். எனக்கு அமெரிக்கக் கடற்படையின் ஹெல்கேட் பிடிக்கும். நேருக்கு நேர் கடந்து இரண்டு பேரும் திரும்ப ஆரம்பித்தால், இரண்டாவது வட்டம் முடிவதற்குள் அவன் என் வாலுக்குப் பின்னால் வந்துவிடுகிறான். ஒருநாள்கூட இது மாறியதில்லை.

"திரும்புவதில் ஜெயித்தவன்தான் சண்டையில் ஜெயித்தவன், ஜீரோதான் அந்தப் போரிலேயே சிறந்த ஃபைட்டர்" என்று அவன் சாதிக்கிறான். ஆனால் ஹெல்கேட் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியது என்று அமெரிக்கக் கடற்படைக் கணக்கு சொல்கிறது. எதிரில் இருந்தவற்றில் ஜீரோக்கள் ஏராளம். அப்படியானால் எங்கேயோ கணக்கு இடிக்கிறது.

நோட்டில் போட்டுப் பார்த்தது இது. எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தால் இறக்கைச் சுமை. ஜீரோவின் ஆரம்பகால மாடல் ஒன்று (மாடல் 21) 2410 கிலோ, 22.44 சதுர மீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 107 கிலோ. ஹெல்கேட் 5714 கிலோ, 31 சதுர மீட்டர், 184 கிலோ. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் முதல் மாடல் 125 வாக்கில், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் ஈ மாடல் 160 வாக்கில் வருகிறது.

என் கேள்வி இரண்டு. திரும்பும் திறனை ஒப்பிட இந்த ஒரு எண் போதுமா? போதும் என்றால், 184-ஐ வைத்துக்கொண்டு 107-ஐ எப்படி அடித்தார்கள்?

---

ஸ்பிட்_ரசிகன் எழுதியது:

இறக்கைச் சுமைதான் எல்லாம் தம்பி. எண் குறைந்தால் வட்டம் சின்னது. உன் மச்சான் சொல்வது சரி. அமெரிக்கர்களிடம் எண்ணிக்கை அதிகம், பெட்ரோல் அதிகம், பயிற்சி பெற்ற பைலட்டும் அதிகம். அதனால் ஜெயித்தார்கள். விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

---

தக்கலை_ஃபிட்டர் எழுதியது:

மக்கா, உன் நோட்டுக் கணக்கு சரிதான், ஆனால் பாதியில் நிற்கிறது. நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் வேலை பார்த்தது மிக்-21-இல். நீ சொல்லும் விமானங்கள் நான் பிறப்பதற்கு முந்தினவை. ஆனால் காற்றுக்குச் சட்டம் ஒன்றுதான்.

முதலில் அந்த 107-உம் 184-உம் எதைச் சொல்கின்றன என்று பார்ப்போம். விமானம் திரும்புவது என்றால் இறக்கையைச் சாய்த்து, ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து, மேலே தூக்கும் விசையின் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால் இறக்கை விமானத்தின் எடையைப் போல் இரண்டு மடங்கு தூக்க வேண்டும். அதுதான் 2 ஜி. 6 ஜி வேண்டுமென்றால் 80 டிகிரி சாய்க்க வேண்டும், இறக்கை ஆறு மடங்கு தூக்க வேண்டும். ஒரு வேகத்தில் இறக்கையால் இவ்வளவுதான் தூக்க முடியும் என்று ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டி இழுத்தால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும், ஸ்டால்.

இரண்டு விமானத்துக்கும் உயர்த்துக் கெழு, அதாவது இறக்கை எவ்வளவு நன்றாகத் தூக்கும் என்று காட்டும் எண், 1.4 என்று வைத்துக் கடல் மட்டத்தில் கணக்குப் போடு. உண்மையில் இறக்கைக்கு இறக்கை கொஞ்சம் மாறும், ஒப்பிட இது போதும். ஜீரோ சாதாரணமாகப் பறக்கும்போது மணிக்கு 126 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும். ஹெல்கேட் 165-இல். ஜி ஏற ஏற ஸ்டால் வேகமும் ஏறும், ஜி-யின் வர்க்கமூலத்தால் பெருக்கு. 4 ஜி என்றால் இரட்டிப்பு: ஜீரோ 252, ஹெல்கேட் 330. 6 ஜி என்றால் ஜீரோவுக்கு 309, ஹெல்கேட்டுக்கு சுமார் 405.

இப்போது கவனி. மணிக்கு 310 கிலோமீட்டரில் இரண்டும் சண்டை போட்டால், ஜீரோவால் 6 ஜி இழுக்க முடியும், வினாடிக்கு 38 டிகிரிக்கு மேல் மூக்கு சுற்றும். ஹெல்கேட் அந்த வேகத்தில் மூன்றரை ஜி-யிலேயே நடுங்க ஆரம்பிக்கும். உன் மச்சான் உன்னைப் பிடிப்பது இங்கேதான். இரண்டு வட்டம் சுற்றினால் வேகம் இந்த இடத்துக்குத்தானே இறங்கும்.

ஆனால் மணிக்கு 450-இல் பார். அங்கே இரண்டு இறக்கையும் 6 ஜி-க்கு மேல் தூக்கும். எல்லை இறக்கையில் இல்லை, பைலட்டின் உடம்பில் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் ஏறாமல் கண் இருட்டும். 6 ஜி-யை எல்லையாக வை. ஆரம் வேகத்தையும் ஜி-யையும் மட்டுமே பொறுத்தது. எடை எதுவாக இருந்தாலும் சரி, இறக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, 450-இல் 6 ஜி இழுத்தால் ஆரம் சுமார் 270 மீட்டர், வினாடிக்கு 26 டிகிரி சொச்சம். ஜீரோவுக்கும் அதே. ஹெல்கேட்டுக்கும் அதே. உன் நோட்டில் இருக்கும் 107-க்கும் 184-க்கும் அந்த வேகத்தில் வித்தியாசமே கிடையாது.

நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: "எது நன்றாகத் திரும்பும்" என்று கேட்டால் பதில் இல்லை. "எந்த வேகத்தில்" என்று சேர்த்துக் கேள்.

450-இல் ஹெல்கேட் சமம் என்று நிற்கவில்லை, ஒரு படி முன்னால் போய்விடுகிறது. காரணம் ஏலரான், இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை. திரும்ப வேண்டுமென்றால் முதலில் சாய வேண்டும், சாய்ப்பது ஏலரான். ஜீரோவுக்குப் பெரிய ஏலரான். மெதுவாகப் பறக்கும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும், வேகம் ஏறினால் ஸ்டிக் இறுகிவிடும். இது யாரோ கட்டிய கதை இல்லை. 1942 ஜூன் 4 அன்று அலூஷன் தீவுகளில் அகுட்டான் என்ற தீவில், டடயோஷி கோகா என்ற ஜப்பானிய பைலட் அடிபட்ட ஜீரோவை இறக்கப் பார்த்தார். புல்தரை என்று நினைத்த இடம் சதுப்பு. சக்கரம் மாட்டி விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது, அவர் இறந்துபோனார். விமானம் பெரும்பாலும் முழுசாகக் கிடந்தது. ஜூலையில் அமெரிக்கர்கள் கண்டுபிடித்து, சான் டியாகோவுக்குக் கப்பலில் கொண்டுபோய் சரிபண்ணி, செப்டம்பரில் பறந்து பார்த்தார்கள். 200 நாட், அதாவது மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல் ஏலரான் கனத்துவிடுகிறது, இடது பக்கம் உருள்வதைவிட வலது பக்கம் உருள்வது கஷ்டம், ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் கார்புரேட்டர் பெட்ரோல் தராமல் என்ஜின் அணைகிறது, எல்லாம் குறித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் பைலட்மாருக்குப் போன உத்தரவு சுருக்கமானது: மெதுவான சண்டைக்குப் போகாதே, பின்னால் ஜீரோ வந்தால் மூக்கை இறக்கி வேகம் பிடித்து வலது பக்கம் உருண்டு போ.

இடையில் ஒன்று. அந்த ஜீரோவைப் பிரித்துப் பார்த்துத்தான் ஹெல்கேட்டை வடிவமைத்தார்கள் என்று பல இடத்தில் எழுதியிருக்கும். நம்பாதே. ஹெல்கேட் முதலில் பறந்தது 1942 ஜூன் 26. அப்போது அந்த ஜீரோ சதுப்பிலேயே கிடந்தது, யாரும் பார்க்கவே இல்லை.

ஸ்பிட்_ரசிகன் சொன்ன எண்ணிக்கையும் பயிற்சியும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 1942-இல் அமெரிக்கர்களுக்கு அந்த வசதி இல்லை. ஹெல்கேட்டைவிட மட்டமான, அதற்கு முந்தின வைல்ட்கேட் விமானத்தை வைத்துக்கொண்டு மிட்வே கடற்போரில் அமெரிக்கக் கடற்படை பைலட் ஜான் தாட்ச் என்ன செய்தார்? இரண்டு விமானம் பக்கத்தில் பக்கத்தில் போய், ஒன்றின் பின்னால் ஜீரோ வந்தால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்புவது. துரத்தி வரும் ஜீரோ கூட்டாளியின் துப்பாக்கிக்கு நேராக வந்து நிற்கும். ஜீரோவின் சின்ன வட்டம் அங்கே அதற்கு உதவவில்லை.

---

முப்பந்தல்_காற்றாலை எழுதியது:

அண்ணாச்சி, ஸ்டால் பற்றிச் சொன்னதும் கைகால் பரபரக்கிறது. நான் ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை மெயின்டனன்ஸ் வேலை. பழைய சின்ன மிஷின்களில் சிலவற்றில் பிளேடைத் திருப்பும் அமைப்பே கிடையாது. ஆடிக் காற்று அளவுக்கு மீறி அடித்தால் பிளேடு தானாகவே ஸ்டால் ஆகும்படி வடிவமைத்திருப்பார்கள், அதனால் ஜெனரேட்டர் தப்பிக்கும். விமானத்தில் பைலட் பயப்படுகிற அதே சங்கதியை நாங்கள் பிரேக்காக வைத்திருக்கிறோம்.

ஒரு சந்தேகம். மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் இறக்கை முன்விளிம்பில் ஒரு தகடு தானாக வெளியே வரும் என்று பார்த்திருக்கிறேன். அது ஸ்டாலைத் தள்ளிப்போடத்தானே? அப்படியானால் 160 கிலோ இறக்கைச் சுமையை வைத்துக்கொண்டு அது ஸ்பிட்ஃபயரோடு சமமாகத் திரும்பியிருக்க வேண்டுமே?

---

கருங்கல்_பைலட் எழுதியது:

அண்ணாச்சி, தலை சுற்றுகிறது, ஆனால் புரிகிறது. 450-இல் இரண்டும் ஒரே வட்டம் என்பதை நானே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன், எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. மச்சானிடம் காட்டினால் "கால்குலேட்டர் வைத்துச் சண்டை போட மாட்டேன்" என்கிறான். காற்றாலை அண்ணன் கேட்டதையே நானும் கேட்கிறேன். ஸ்பிட்ஃபயரா 109-ஆ?

---

தக்கலை_ஃபிட்டர் எழுதியது:

அந்தத் தகடு ஸ்லாட். லீவர் கிடையாது, மோட்டார் கிடையாது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறும்போது முன்விளிம்பில் உறிஞ்சல் கூடும், அந்த உறிஞ்சலே தகட்டை முன்னால் இழுத்துவிடும். நடுவில் ஒரு சந்து உண்டாகி, காற்று அதன் வழியே பாய்ந்து மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளும். காற்றாலைத் தம்பி சொன்னது சரி, ஸ்டால் தள்ளிப்போகும். ஆனால் 109-இல் அது இறக்கையின் வெளிப்பாதியில், ஏலரானுக்கு முன்னால் மட்டும்தான். முழு இறக்கைக்கும் இல்லை. முக்கியமான வேலை, ஸ்டால் ஆகும்போதுகூட ஏலரான் வேலை செய்யும்படி பார்த்துக்கொள்வது.

1940-இல் பிரிட்டிஷார் கையில் சிக்கிய ஒரு 109-ஐ ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்பிட்ஃபயரோடு வைத்துச் சோதித்தார்கள். 12,000 அடியில் உயரம் இழக்காமல் திரும்பக்கூடிய மிகச் சிறிய ஆரம் ஸ்பிட்ஃபயருக்கு 696 அடி, 109-க்கு 885 அடி என்று கணக்கிட்டார்கள். மீட்டரில் சொன்னால் 212-உம் 270-உம். ஆக ஸ்பிட்ஃபயர்தான். ஆனால் அதே அறிக்கையில் எனக்குப் பிடித்தது வேறு இரண்டு விஷயம்.

ஒன்று, பல ஸ்பிட்ஃபயர் பைலட்மார் அந்த எல்லை வரை போகவே இல்லை. ஸ்டாலுக்குப் பயந்து முன்னாலேயே கையைத் தளர்த்திவிடுவார்கள். 109-இல் இருப்பவன் துணிந்தவனாக இருந்தால் அப்படிப்பட்ட ஸ்பிட்ஃபயரைப் பிடித்துவிடுவான். இரண்டாவது, 109-இல் ஸ்லாட் திறக்கும் நேரத்தில் ஏலரான் வெடுக்கென்று இழுக்கும், குறி தவறும். சுடப்போகிற நேரத்தில் ஸ்டிக் கையில் துள்ளினால் வட்டம் எவ்வளவு சின்னதாக இருந்து என்ன?

அப்புறம் வேகம். மணிக்கு 400 மைல், அதாவது 640 கிலோமீட்டரில் இரண்டு விமானத்திலும் ஏலரான் கல்லாகிவிடும். பைலட் தன் பலம் முழுக்கப் போட்டாலும் ஏலரானை ஐந்தில் ஒரு பங்குதான் அசைக்க முடிந்தது, 45 டிகிரி சாய நாலு வினாடி. அதுவும் 109-இன் காக்பிட் நெருக்கம், முழங்கையை விரித்துப் பக்கவாட்டில் தள்ள இடம் கிடையாது. ஒரு ஃபிட்டருக்கு இதைப் படிக்கும்போது கை அரிக்கும். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரின் ஏலரான் துணி போர்த்தது. வேகத்தில் துணி உப்பும், வடிவம் மாறும், ஸ்டிக் கனக்கும். அதை எடுத்துவிட்டு உலோகத் தகடு போர்த்திய ஏலரானை மாட்டினார்கள். இறக்கையைத் தொடவில்லை, என்ஜினைத் தொடவில்லை. விமானம் ஆளே மாறிப்போனது. இறக்கைச் சுமை என்ற உன் எண் அதே 125. அட்டவணையில் அந்த மாற்றம் எங்கேயாவது தெரியுமா? தெரியாது. அட்டவணைகள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

1941 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் புது ஃபைட்டர் ஃபோக்கே-வுல்ஃப் 190 வந்ததும் இதே கதை பெரிய அளவில் நடந்தது. வட்டத்தில் ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் மாடல்தான் சின்னது. ஆனால் 190 உருள்வதில் கெட்டிக்காரன். இடது பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போது சட்டென்று வலது பக்கம் புரட்டி, மூக்கை இறக்கிப் போய்விடும். ஸ்பிட்ஃபயர் அதேபோல் சாய்ந்து முடிப்பதற்குள் 190 வேறு திசையில் இருக்கும். 1942 ஜூன் 23-இல் அர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் பைலட் திசை தவறி, வேல்ஸில் பெம்பிரே என்ற பிரிட்டிஷ் தளத்திலேயே 190-ஐ இறக்கிவிட்டார். பிரிட்டிஷாருக்கு லாட்டரி. சோதித்துப் பார்த்தால் திரும்பும் வட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஸ்பிட்ஃபயர் ஐந்து பின்தங்கியது. அவர்கள் செய்த பதில் வைத்தியங்களில் ஒன்றைப் பார்: சில ஸ்பிட்ஃபயர்களின் இறக்கை நுனியைக் கழற்றிவிட்டார்கள். பரப்பு குறைந்தது, இறக்கைச் சுமை ஏறியது, வட்டம் கொஞ்சம் பெரிதானது. உருள்வது வேகமானது. திரும்பும் வட்டத்தை விலையாகக் கொடுத்து உருளும் வேகத்தை வாங்கினார்கள். எல்லாம் வட்டம்தான் என்றால் எவனாவது அப்படிச் செய்வானா?

---

கோட்டாறு_இயற்பியல் எழுதியது:

நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள். ஃபிட்டர் அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு குறை. அவர் கணக்கு எல்லாம் அந்தக் கணத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது. 6 ஜி-யை ஒரு வினாடி இழுக்கலாம், இழுத்துக்கொண்டே இருக்க முடியுமா? அந்தக் காலத்து எந்த புரொப்பெல்லர் ஃபைட்டராலும் முடியாது. இழுவை அவ்வளவு ஏறும். வேகம் கொட்டும், இல்லாவிட்டால் உயரம் கொட்டும்.

உயரமும் வேகமும் குறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் திருப்பத்தில் எல்லையைத் தீர்மானிப்பது என்ஜின். ஸ்டிக்கை இழுக்கும்போது தூக்கும் விசையோடு சேர்ந்து வரும் இழுவை, ஜி-யின் வர்க்கத்தால் ஏறும். 3 ஜி என்றால் ஒன்பது மடங்கு. அந்த இழுவையைக் குறைப்பது இறக்கையின் பரப்பு அல்ல, அதன் நீளம். எடையை இறக்கையின் முனையிலிருந்து முனை வரையிலான நீளத்தால் வகுத்துப் பாருங்கள். ஸ்பிட்ஃபயர் 11.23 மீட்டர், 109-இன் ஈ மாடல் 9.87 மீட்டர், ஜீரோ 12 மீட்டர், ஹெல்கேட் 13 மீட்டர் சொச்சம். ஜீரோ மீட்டருக்கு 200 கிலோ, ஹெல்கேட் 437 கிலோ. இரண்டாவது வட்டத்தில் தம்பி தோற்பதற்கு இதுவும் காரணம். முதல் வட்டத்தில் இறக்கைச் சுமை, அடுத்த வட்டங்களில் இது.

3 ஜி-யில் மணிக்கு 300 கிலோமீட்டரில் சுற்றினால் ஆரம் 250 மீட்டர், முழு வட்டத்துக்கு 19 வினாடி. சோவியத் யூனியனில் இப்படித்தான் அளந்தார்கள்: 1000 மீட்டர் உயரத்தில் ஒரு முழு வட்டம் சுற்ற எத்தனை வினாடி. மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட எளிய அளவு எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு. உயரம்: 6000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி சொச்சம்தான். அதே இறக்கை, அதே கெழு, ஆரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. என்ஜினுக்கும் மூச்சு முட்டும். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் ஜீரோவின் தொடக்க மாடலில் ஒரே கட்டம், ஒரே வேகம். ஹெல்கேட்டில் இரண்டு கட்டம். கீழே ஜீரோவுக்கு இருந்த சௌகரியம் மேலே போகப் போகச் சுருங்கும்.

எடை: எந்த எடை? அமெரிக்க ஃபைட்டரான மஸ்டாங்கில் பைலட்டுக்குப் பின்னால் 85 காலன் டாங்க் ஒன்று உண்டு. அது நிறைந்திருந்தால் எடைமையம் பின்னால் போய்விடும், இறுக்கித் திரும்பினால் ஸ்டிக் தானாகவே மேலும் பின்னால் வரப் பார்க்கும். ஆகவே அந்த டாங்கை முதலில் காலி செய்த பிறகுதான் சண்டை. காலையில் கிளம்பிய மஸ்டாங்கும் பெர்லின் மேல் சண்டை போட்ட மஸ்டாங்கும் திரும்புவதில் ஒரே விமானம் இல்லை.

---

தக்கலை_ஃபிட்டர் எழுதியது:

டீச்சர், ஏற்றுக்கொள்கிறேன், நீங்கள் சொன்னது இல்லாமல் என் பதில் முழுசு இல்லை. நான் வேலை பார்த்த மிக்-21 இதற்கு நல்ல உதாரணம். முக்கோண இறக்கை, நீளம் ரொம்பக் குறைவு. முதல் இழுப்பில் மூக்கு நன்றாகத் திரும்பும். அப்புறம் வேகம் கொட்டிக்கொண்டே போகும். அதை வைத்து வட்டம் சுற்ற நினைப்பவன் அந்த விமானத்தைப் புரிந்துகொள்ளாதவன்.

இந்த மிச்சமிருக்கும் சக்தியைத்தான் 1960-களில் அமெரிக்க விமானப்படையில் ஜான் பாய்டும் தாமஸ் கிறிஸ்டியும் கணக்காக்கினார்கள். தள்ளுவிசையிலிருந்து இழுவையைக் கழி, வேகத்தால் பெருக்கு, எடையால் வகு. ஒவ்வொரு வேகத்திலும் ஒவ்வொரு ஜி-யிலும் இந்த எண் கூட்டலா கழித்தலா என்று வரைபடம் போட்டால், இரண்டு விமானத்தின் படத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து எங்கே யார் பலசாலி என்று பார்க்கலாம். தம்பி கேட்ட "ஒரே எண்" கிடையாது. ஆனால் ஒரே படம் உண்டு.

---

குளச்சல்_கரை எழுதியது:

வட்டம் சுற்றிக் கெட்டதற்கு உதாரணம் ஜப்பான் பக்கம், பசிபிக் பக்கம் எல்லாம் போக வேண்டாம். நமக்குக் கடல் தாண்டினால் கொழும்பு. என் தாத்தா அங்கே ஒரு கடையில் நின்றவர், 1942 ஏப்ரலில் குண்டு விழுந்த பிறகு ஊருக்கு ஓடி வந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தில் இங்கிருந்து போனவர்கள் வீட்டில் எல்லாம் இந்தக் கதை இருக்கும்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்தார்கள். ரத்மலானையில் பிரிட்டிஷாரின் 30-ஆவது ஸ்குவாட்ரன் ஹரிக்கேன் ஃபைட்டர்கள், குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கி 258-ஆவது ஸ்குவாட்ரன். ரத்மலானைக்காரர்களுக்கு முன்கூட்டி எச்சரிக்கையே வரவில்லை, எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் ஏறினார்கள். அதாவது கீழே, மெதுவாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு. ஃபிட்டர் அண்ணாச்சி சொன்ன 300 கிலோமீட்டர் ஜீரோவின் வீடு என்றால், இவர்கள் அந்த வீட்டுக்குள்ளேயே போய் நின்றார்கள். ஐரோப்பாவில் 109-ஐ ஹரிக்கேன் உள்வட்டத்தில் பிடிக்கும். அந்தப் பாடத்தை ஜீரோவிடம் எடுத்துப் போனால் என்ன ஆகும்? பிரிட்டிஷார் அன்று இருபதுக்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தார்கள், பாவம் ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் இருசிறகு விமானங்களும் அதில் அடக்கம். நாலு நாள் கழித்துத் திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸ் மூழ்கியது.

இதே காலத்தில் பர்மா, சீனா பக்கம் அமெரிக்க பைலட்மாரின் தலைவர் ஷெனால்ட் தன் ஆட்களுக்குச் சொன்னது நேர் எதிர். அமெரிக்க பி-40 ஃபைட்டரை வைத்துக்கொண்டு ஜப்பானியனோடு திரும்பாதே. மேலே இருந்து பாய், சுடு, போய்விடு, மறுபடி ஏறி வா. பி-40 ஹரிக்கேனைவிட நன்றாகத் திரும்பும் விமானம் ஒன்றும் இல்லை.

---

ஸ்பிட்_ரசிகன் எழுதியது:

ஸ்பிட்ஃபயரை வைத்துக்கொண்டே இது நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், என் மனசு கேட்காவிட்டாலும். 1943-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் மேல் ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் மாடல்கள். ஐரோப்பாவில் 109-ஐ உள்வட்டத்தில் பிடித்துப் பழகியவர்கள் ஜீரோவோடு அதே வேலையைத் தொடங்கினால், ஜீரோ அவர்களைப் பிடித்தது. பிற்பாடு உயரத்தையும் வேகத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டு அடிக்கப் பழகினார்கள். ஆனாலும் வளைவின் அழகு ஸ்பிட்ஃபயருக்குத்தான், அதில் சமரசம் இல்லை.

---

கருங்கல்_பைலட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று ராத்திரி மச்சானோடு மோதல் இருக்கிறது. அண்ணாச்சி, நான் சரியாக என்ன செய்ய வேண்டும்? பெரிய தத்துவம் வேண்டாம், கை எங்கே, கண் எங்கே என்று சொல்லுங்கள்.

---

தக்கலை_ஃபிட்டர் எழுதியது:

சரி, கேள். 6000 மீட்டரில் தொடங்கலாம் என்று அவனைச் சம்மதிக்க வை. காரணம் கேட்டால் டீச்சரைக் கேட்கச் சொல். வேக முள் 400-க்குக் கீழே இறங்கினால் நீ ஏற்கெனவே பாதி தோற்றாய், அதனால் கண் எப்போதும் அதன் மேல் இருக்கட்டும். நேருக்கு நேர் கடந்த பிறகு அவன் திரும்புவான், நீ திரும்பாதே. நேராகப் போய், தூரம் விட்டு, மேலே ஏறித் திரும்பி வா. அவன் உன்னை நோக்கி மூக்கைத் தூக்கினால் அவனுக்கு வேகம் கொட்டும், அப்போது மேலே இருந்து இறங்கு. ஒரு பாய்ச்சலில் குறி கிடைக்காவிட்டால் பின்தொடர்ந்து இழுக்காதே, மறுபடி மேலே போ. பின்னால் வந்துவிட்டான் என்றால் மூக்கை இறக்கி, 450 தாண்டியதும் வலது பக்கம் உருண்டு வெளியே போ. விளையாட்டில் ஏலரான் கனப்பதை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று அப்போது தெரிந்துவிடும். சில விளையாட்டுகளில் எல்லா வேகத்திலும் ஸ்டிக் ஒரே மாதிரி பஞ்சாக இருக்கும், அப்படி இருந்தால் உன் மச்சான்தான் சரி.

---

முப்பந்தல்_காற்றாலை எழுதியது:

தம்பி, எந்த சர்வர், எத்தனை மணிக்கு என்று இங்கே போடு. எனக்கு இன்று நைட் ஷிஃப்ட் இல்லை. மச்சான் பக்கம் ஒரு ஜீரோ குறைந்தால் நான் வருகிறேன்.